எறும்பு வீட்டின் ஒட்டு

ஊசி மூக்குப் புட்டியை அவள் அலமாரியிலிருந்து எடுத்தாள், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தாள், திரும்ப அதே இடத்தில் வைத்தாள். அந்த வாரம் முழுக்க அந்தப் புட்டியோடு அவள் செய்த வேலை அவ்வளவுதான்.

அந்தப் புட்டியால்தான் தெருவில் அவளுக்கு ஊசி என்று பெயர் வந்தது. அக்ரிலிக் தகடுகளை ஒட்டுவது அவள் தொழில். ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை நிமிர்த்தி நிறுத்தி, இரண்டும் சந்திக்கும் கோட்டில் புட்டியின் முனையை வைத்து லேசாக அழுத்துவாள். உள்ளே இருக்கும் சால்வென்ட் பார்ப்பதற்குத் தண்ணீர் போலத்தான் இருக்கும். எதிர் முனையிலிருந்து யாரோ கூப்பிட்டது போல அது கோடு நெடுகத் தானாக ஓடும். ஓடிய இடத்தில் இரண்டு தகடுகளும் கொஞ்சம் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து, இறுகிவிடும். பசை என்றால் நடுவில் மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கும். இதில் நடுவில் எதுவுமே இருக்காது.

"கல்யாணம் மாதிரி" என்று அவள் புருஷன் வாடிக்கையாளர்களிடம் சொல்வான்.

"ஆமா, கல்யாணத்துல நடுவுல எதுவுமே இருக்காது. உங்க அக்கா மட்டும்தான் இருப்பாங்க" என்பாள் இவள். ஆட்கள் முன்னால் அவனை 'நீங்க' என்பாள். தனியாக இருக்கும்போது 'நீ'.

அவனுக்குத் தெருவில் மில்லி என்று பெயர். வெட்டுவது அவன் வேலை. "ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போச்சு" என்பதை, மற்றவர்கள் கூரை இடிந்து விழுந்ததைச் சொல்லும் குரலில் சொல்வான். கடையின் நடுவில் நீளமான மேஜை. இடது பாதி அவனுடையது, வலது பாதி அவளுடையது. அவன் அறுத்த தகடுகள் வலது பக்கம் வரும். ரம்பப் பற்கள் விட்ட தழும்புகளை அவள் ஒரு பழைய ரம்பத் தகட்டின் முதுகால் சுரண்டிச் சமமாக்கி ஒட்டுவாள். ஒட்டிய பெட்டி மறுபடி இடது பக்கம் போகும். அவன் வெளி விளிம்புகளைச் சின்ன நெருப்புச் சுடரால் வருடுவான். சுடர் பட்ட விளிம்பு நனைந்தது போல மினுங்கும். கடை திறந்த நாளிலிருந்து இந்த வரிசைதான். ஏன் இந்த வரிசை என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

இப்போது அவளுக்கு இரண்டாவது மாதம். அது யாருக்கும் தெரியாது.

போன வருஷமும் இப்படி ஒன்று வந்தது. அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தகடு இறக்க வரும் வேன் டிரைவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. மில்லி நல்ல கனமான தகடாகப் பார்த்து ஒரு தொட்டிலுக்குப் பக்கங்கள் வெட்டி வைத்தான். மூன்றாவது மாதத்தில் கரு தங்கவில்லை. அதன் பிறகு வேன் டிரைவரின் முகத்தைக்கூட அவள் பார்க்க வேண்டியிருந்தது. தொட்டிலுக்கு வெட்டிய தகடுகள் மேஜைக்கு அடியிலேயே கிடந்தன. ஒரு நாள் அவன் எதுவும் சொல்லாமல் அவற்றை எடுத்து, ஒரு டீக்கடை கேட்ட விலைப்பலகை தாங்கிகளுக்காகச் சின்னச் சின்னதாக அறுத்தான். அவளும் எதுவும் சொல்லாமல் அவற்றை ஒட்டினாள்.

"நான் வேலைல மூக்குக்குள்ள இழுக்கிற வாசனையாலயா?" என்று அப்போது டாக்டரைக் கேட்டாள்.

"அதனாலதான்னும் சொல்ல முடியாது, அதனால இல்லன்னும் சொல்ல முடியாதும்மா."

அந்த இரண்டு முடியாதுகளும் அவளோடு வீட்டுக்கு வந்து தங்கிவிட்டன. அதனால் இந்த முறை புட்டியைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். சொல்வதும் இல்லை. அவனிடம் மட்டுமாவது சொல்லலாம்தான். ஆனால் அவனுக்குத் தெரிந்தால் அவன் முகத்துக்குத் தெரிந்துவிடும். அவன் முகத்துக்குத் தெரிந்தால் எதிரே தையல் கடை வைத்திருக்கும் அவன் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்த பிறகு, தெரியாதவர்கள் என்று அந்தத் தெருவில் யாரும் மிஞ்சமாட்டார்கள். இதெல்லாம் அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையில் அவன் இன்னொரு முறை தொட்டில் தகடுகளை அறுப்பதை அவளால் பார்க்க முடியாது.

ஆகவே வந்த வேலைகளை எல்லாம் வேறு வழிக்குத் திருப்பினாள். பேனா தாங்கி கேட்டவருக்கு, ஒரே தகட்டைச் சூடான கம்பியின் மேல் வைத்து வளைத்துக் கொடுக்கச் செய்தாள். பெயர்ப்பலகை கேட்டவருக்கு ஸ்க்ரூ.

"ஸ்க்ரூன்னா மூஞ்சியச் சுளிப்பியே" என்றான் மில்லி.

"இப்ப அதான் ஃபேஷனாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நீ ரம்பச் சத்தத்துல இருக்க, உனக்கு எங்க கேக்கும்?"

இப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் எறும்பு டீச்சர் வந்தார்.

அவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவர். கைப்பையிலிருந்து கறுப்புக் காகிதம் சுற்றிய ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். தூங்கும் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மெதுவாக மேஜையில் வைத்தார்.

"இதுக்குள்ள ஒரு ராணி எறும்பு இருக்கு" என்றார்.

மில்லி உடனே கையை நீட்டினான்.

"ஐயோ, தொடாதீங்க! ஆட்டினாலோ, அடிக்கடி வெளிச்சம் காட்டினாலோ மிரண்டுபோய் தன்னோட முட்டைய தானே தின்னுடும்."

மில்லி கையை இழுத்துக்கொண்டான். ஊசி அந்தக் கறுப்புக் காகிதத்தையே பார்த்தாள்.

"யாரும் பாக்காம விட்டா?" என்று கேட்டாள்.

"விட்டா அது பாட்டுக்கு இருக்கும். சாப்பாடுகூட கேக்காது. முதல் குஞ்சுங்க வெளிய வர்ற வரைக்கும் இருட்டுல தனியா உக்காந்திருக்கும்."

"ரொம்ப நல்ல பழக்கம்" என்றாள் ஊசி, தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில்.

டீச்சருக்கு வேண்டியது ஓர் எறும்பு வீடு. உயரமாக, ஒல்லியாக, இரண்டு பெரிய தகடுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளியில் மண். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று சுரங்கங்களைப் பார்க்க வேண்டும். குழாயில் இருக்கும் முட்டைகள் பொரிந்து, கூட்டம் குழாய்க்குள் அடங்காமல் போவதற்குள் வீடு தயாராக வேண்டும்.

"போன தடவை நானே சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டினேன். மறுநாள் பாத்தா ஒட்டின இடத்தைச் சுத்தி வெள்ளையா பனி மூட்டம். எறும்பு என்ன பண்ணுதுன்னு எறும்புக்குத்தான் தெரியும்."

"அது அப்படித்தான் பூத்துப்போகும்" என்றாள் ஊசி.

"அப்புறம் சிலிக்கான் போட்டேன். வாழைப்பழத் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. மொத்தக் கூட்டமும் ஆசிரியர் அறை சர்க்கரை டப்பாவுக்குக் குடி போயிடுச்சு. ஹெட்மாஸ்டர் ரெண்டு வாய் டீ குடிச்சப்புறம்தான் கண்டுபிடிச்சார்."

மில்லி சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. டீச்சர் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்க்ரூ போட்டுக் குடுக்கலாமா டீச்சர்?" என்றாள் ஊசி. "கழட்டிச் சுத்தம் பண்ணலாம்."

"ஸ்க்ரூன்னா இடுக்கு இருக்குமே. தலைமுடி நுழையிற இடுக்கு போதும், அதுங்க வரிசையா கிளம்பிடும்."

"அப்ப பக்கங்களை வளைச்சிடலாம். ஒட்டே வேண்டாம்."

"இவ்ளோ ஒல்லியா வளைச்சா வளைவுல எல்லாமே கோணலாத் தெரியும்" என்றான் மில்லி. "எறும்புக்கு ரெண்டு தலை இருக்குன்னு பிள்ளைங்க பரிட்சைல எழுதிடும்."

"ரெண்டு குழாய் பசை?"

ஊசியின் வாயிலிருந்து இது வந்ததும் மில்லி அவளை நேராகப் பார்த்தான். இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் அந்தக் கெட்டிப் பசை, வெட்டு சரியாக இல்லாதபோது நடுவில் விழும் சந்துகளை அடைப்பதற்கானது. தன் வெட்டில் சந்து இருக்கும் என்று மனைவியே நினைக்கிறாளா? அதோடு அதன் நாற்றமும் லேசுப்பட்டதல்ல. அதைச் சொன்ன பிறகுதான் ஊசிக்கும் நினைவு வந்தது.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றான். பிறகு டீச்சரிடம் திரும்பினான். "கவலையே படாதீங்க டீச்சர். இவங்க சால்வென்ட்ல ஒட்டினா எங்க ஒட்டினதுன்னு நாங்களே பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும். என்ன, ஒட்டினதும் ஒரு வாரம் காத்தாட வைக்கணும். அந்த வாசனை முழுக்கப் போகலன்னா எறும்பு தாங்காது."

"ஆமா, சின்ன உசுரு இல்லையா" என்றார் டீச்சர்.

ஊசி மேஜையின் வலது பாதியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

மில்லி அன்றைக்கே தகடுகளை வெட்டி வலது பக்கம் வைத்தான். அவை அங்கேயே இருந்தன. ஊசி அவற்றைத் துடைத்தாள். கீறல் விழாமலிருக்கத் தகட்டோடு ஒட்டி வரும் மேல்காகிதத்தின் ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பெரிய தகடு இடப்பக்கமா வலப்பக்கமா என்று யோசிக்கிற மாதிரி நின்றாள். அடுத்த நாளும் அதையே யோசித்தாள்.

எதிர்க்கடை வாசலிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "என்னம்மா, எறும்புக்கு வீடு இன்னும் எழும்பலையா? அதுக்குள்ள நான் எறும்புக்கு நாலு சட்டையே தெச்சிருப்பேன்."

"ஆறு கால் இருக்கு அண்ணி. பேன்ட் தெக்கிறது கஷ்டம்."

"வாய் மட்டும் வேலை செய்யுது. டேய், உன் பொண்டாட்டிக்கு என்னடா கோபம்?"

மில்லியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். பின்னோக்கிப் போய்த் தேடியதில் ஒரு காரணம் அகப்பட்டது. சில வாரங்களுக்கு முன் வேன் டிரைவரிடம் தமாஷாக, "வெட்டு சரியா இருந்தா ஒட்டுறது யாரு வேணா ஒட்டலாம்" என்று சொல்லியிருந்தான். அவள் அப்போது பக்கத்தில்தான் நின்றாள். சிரித்தாள்தான். ஆனால் உள்ளுக்குள் சிரித்தாளா என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் புட்டியைத் தொடமாட்டேன் என்கிறாள். அதனால்தான் ஸ்க்ரூ. 'யாரு வேணா ஒட்டலாம்னா நீயே ஒட்டிக்கோ' என்று சொல்லாமல் சொல்கிறாள். இந்த எண்ணம் அவனுக்குள் ஒரு சிலாம்பு போலத் தங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அவனுக்கு வாயால் கேட்க வராது. கையால்தான் வரும்.

கடைக்கு விடுமுறையான நாளில் அவள், "தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பினாள். அவளுக்கு ஒரு தங்கை இருப்பது உண்மை. பஸ்ஸில் ஏறியதும் உண்மை. இறங்கிய இடம் மட்டும் மருத்துவமனை.

ஸ்கேன் அறையில் ஏசி குளிர். போன முறை இதே அறையில், திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பேச்சை நிறுத்திய அந்தக் கணம் அவளுக்கு நினைவிருந்தது. அதனால் இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அது மூடிக்கொள்ளக் கூடாது. அது மட்டும் மூடிக்கொள்ளக் கூடாது.

"என்னம்மா என் மூஞ்சியவே பாக்குற? அங்க பாரு" என்றார் டாக்டர்.

பார்த்தாள். சாம்பல் நிறப் படத்தின் நடுவில் ஒரு கறுப்புக் குழி. குழியின் ஓரத்தில் ஒரு பயறு. பயறுக்குள் ஏதோ ஒன்று மினுக்கியது, மினுக்கியது, நிறுத்தாமல் மினுக்கியது.

"அதான் இதயம். ஜோரா ஓடுது."

"ரொம்ப வேகமா இல்ல?"

"இதுங்களுக்கு அவ்ளோ வேகம்தான் இருக்கும். உன்னோடது மாதிரி ரெண்டு பங்கு. ஆமா, நீ என்ன வேலை பண்ற?"

"அக்ரிலிக் ஒட்டுறேன். இப்ப நிறுத்தி வெச்சிருக்கேன்."

"நிறுத்தினதே நிறுத்தினதா இருக்கட்டும். அந்த வாசனை பக்கமே போகாத."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தெருக்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறவளிடம் சொன்னால் சொன்னதாகக் கணக்கில்லை என்றும் தோன்றியது. ஆனாலும் சொல்லவில்லை. பற்களை இறுக்கி உதட்டை மூடிக்கொண்டே வந்தாள், வாய் திறந்தால் அது பறந்துவிடும் என்பது போல.

கடைக்குப் பத்தடி முன்பே வாசனை வந்தது. இனிப்பும் குளிர்ச்சியுமாக மூக்கின் மேற்புறத்தில் ஏறும் அந்த வாசனை. அவள் அப்படியே நின்றாள்.

"வந்துட்டியா! வா, வா, உள்ள வந்து பாரு" என்று மில்லி கடைக்குள்ளிருந்து கத்தினான். விடுமுறை நாளில் கதவு விரியத் திறந்து கிடந்தது. அவன் சட்டையெல்லாம் தூள். முகம் கல்யாணத்தன்று இருந்தது போல இருந்தது.

"இங்கிருந்தே பாக்குறேன்."

"அங்கிருந்து என்ன தெரியும்? உள்ள வா."

"வரல."

"எட்டிக்கூடப் பாக்க மாட்டியா? ஒரு நாள் முழுக்க உக்காந்து பண்ணியிருக்கேன்."

"வெளிய எடுத்துட்டு வா. வெயில்ல வை."

அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தான். எறும்பு வீடு நின்றது. தெரு ஓரத்து ஸ்டூலின் மேல் அதை வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். காற்று அவள் பக்கமிருந்து அவன் பக்கம் வீசியது. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.

அழகாக இருந்தது. விளிம்புகள் எல்லாம் நனைந்தது போல மினுங்கின. கோணம் நேராக நின்றது. 'பரவாயில்லையே' என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் வெயில் ஒட்டின் மேல் சாய்வாக விழுந்தது.

ஒட்டிய கோடு நெடுக, உள்ளே, வெள்ளி மயிர் போன்ற கீறல்கள். நூற்றுக்கணக்கில். சில அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டன.

"இது என்னது?" என்றான் மில்லி. "ஒட்டினப்ப இல்லையே. அரை மணி முன்னாடிகூட இல்லையே."

"ஒட்டுறதுக்கு முன்னாடி விளிம்ப நெருப்புல காட்டினியா?"

"பின்ன? உள்ள இருக்கிற விளிம்பும் பளபளன்னு இருந்தா ஒட்டு இன்னும் சுத்தமாத் தெரியும்னு... எல்லா விளிம்பையும் காட்டினேன். ஒண்ணு விடல."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "சூடு பட்ட விளிம்பு உள்ளுக்குள்ள இறுகிப்போய் நிக்கும். வெளிய பாக்க சிரிக்கும். சால்வென்ட் பட்டதும் அந்த இறுக்கம் எல்லாம் விரிசலாத் திறந்துக்கும். அதனாலதான் முதல்ல ஒட்டு, அப்புறம் நெருப்பு."

"இத்தனை வருஷத்துல நீ சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையே. உன் கைக்கு வரும்போது நான் ஒட்டி முடிச்சிருப்பேன்."

அவன் கடை வாசற்படியில் உட்கார்ந்தான். பெரிய உடம்பு, சின்னப் படி. "வெட்டு சரியா இருந்தா யாரு வேணா ஒட்டலாம்னு சொன்னேன்ல" என்றான் தரையைப் பார்த்து. "அதுக்குத்தானே இத்தனை நாளா புட்டியத் தொடல? நான் டிரைவர்கிட்ட சும்மா விளையாட்டுக்கு சொன்னேன். சரி, என்னால ஒட்ட முடியல, பாத்துட்ட. இப்பவாவது உள்ள வா."

"எப்ப சொன்ன அப்படி?"

அவன் தலைநிமிர்ந்தான். "கேக்கலையா நீ?"

"நீ டிரைவர்கிட்ட பேசுறத எல்லாம் நான் கேக்க ஆரம்பிச்சா எனக்குக் காது எத்தனை வேணும்?"

"அப்ப ஏன் உள்ள வரமாட்டேங்குற?"

அவளுக்கு நிறையப் பொய்கள் தயாராக இருந்தன. தலைவலி, தங்கச்சி வீட்டுச் சாப்பாடு, வெயில். அவன் முழங்காலில் தூள் படிந்த இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல் நுனிகளில் சால்வென்ட் பட்டுத் தோல் வெளுத்திருந்தது. பொய்கள் எதுவும் வாய்க்கு வரவில்லை.

"இந்த வாசனைக்குள்ள நான் வரக்கூடாது" என்றாள். "கொஞ்ச மாசத்துக்கு."

ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. மில்லி எழுந்தான். அவள் பயந்தது போல அவன் கத்தவில்லை. முதலில் போய்க் கடைக் கதவை இழுத்துச் சாத்தினான். பிறகு ஸ்டூலோடு எறும்பு வீட்டைத் தூக்கிக் கொல்லைப் பக்கம் கொண்டுபோனான். திரும்பி வந்து அவளுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டு, கையை ஆட்டினான்.

"தள்ளிப் போ."

"தள்ளித்தான் நிக்குறேன்."

"என்மேல இருக்கும். இன்னும் தள்ளி. இன்னும்."

அவள் பின்னால் போகப் போக அவனும் அதே தூரத்தில் கூடவே வந்தான். தெருமுனைக் கம்பம்வரை போய்விட்டார்கள்.

"நீ பின்னாடியே வந்தா நான் எங்க போறது?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறொன்றும் வந்தது. துடைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லல."

"உங்க அக்காகிட்டயும்."

கொஞ்சம் யோசித்தான். "சரி" என்றான், பெரிய விலை கொடுப்பவன் போல. பிறகு, "எனக்கு நானே சொல்லிக்கலாமா?"

"மெதுவா."

"தொட்டிலுக்கு ஒண்ணும் வெட்டமாட்டேன்" என்றான் அவன். "நீ சொல்ற வரைக்கும் ஒரு தகட்டையும் எடுக்க மாட்டேன்." அந்தத் தகடுகளைப் பற்றி அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் புதிய தகடுகளை வெட்டினான். சுரண்டுவதில் வாசனை இல்லை. அதனால் அவற்றை எதிரே தையல் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தான். ஊசி அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து, விளிம்புகளை ரம்பத் தகட்டின் முதுகால் இழுத்து இழுத்துச் சமமாக்கினாள். நெருப்பின் பக்கம் போகாத அந்த விளிம்புகள் உறைந்த பால் போல மங்கலாக இருந்தன. நாத்தனார் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பார்த்தாள்.

"ஏம்மா, உன் கடைல இடம் இல்லையா?"

"இங்க வெளிச்சம் நல்லா இருக்கு அண்ணி."

"ஓஹோ" என்றாள் நாத்தனார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மெத்தை வைத்த நாற்காலியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, ஊசியின் முக்காலியை எடுத்துக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவள் வழக்கமே இல்லை.

ஒட்டும் முறையை ஊசி அவனுக்கு வெறும் கையாலேயே செய்து காட்டினாள். "நிமிர்த்தி வெக்கிற தகட்டுக்கு அடியில மெல்லிசா கம்பி வை. அது சும்மா ஒரு மயிரிழை தூக்கி நிக்கட்டும். புட்டியை அழுத்தாத, சாய்ச்சா போதும். அது தானா ஓடும், நீ துரத்தாத. மனசுக்குள்ள ஒரு பாட்டு பல்லவி பாடு. அப்புறம் கம்பிய உருவு. உருவினதும் தகடு தானா உக்காந்துக்கும். அமுக்காத."

"எந்தப் பாட்டு?"

"உனக்கு முழுசாத் தெரிஞ்சது எதாவது இருந்தா அது."

முதலில் துண்டுத் தகடுகளில் பழகினான். ஒட்டிய துண்டுகளைத் தெருவோரம் வைத்துவிட்டுப் போவான். வாசனை போன பிறகு அவள் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்ப்பாள். குமிழி. வழிசல். குமிழி. பாதி ஓடி நின்றது. ஒரு துண்டைப் பார்த்து, "இதுல என்ன பாட்டு பாடின, ஓட்டப்பந்தயமா?" என்று கேட்டாள். வாரக் கடைசியில் ஒரு துண்டு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே ஒட்டியது என்று தேட வேண்டியிருந்தது. அவள் அதைக் கீழே வைத்துவிட்டு எறும்பு வீட்டின் தகடுகளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் பின்ஜன்னலில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்துக் கட்டினான், முகமூடி மாட்டினான், கதவைச் சாத்திக்கொண்டான். அவளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கடையின் கண்ணாடி வழியாக அவன் முதுகு மட்டும் தெரிந்தது. பெரிய முதுகு. அது குனிந்தது, நின்றது, நெடுநேரம் அசையவே இல்லை. வலது முழங்கை மட்டும், ஊஞ்சலில் தூங்கும் பிள்ளையை ஆட்டுகிற வேகத்தில், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தது.

மத்தியானம் அவன் வெளியே வந்தான். எறும்பு வீட்டைக் கொல்லைச் சுவரோரம் காற்று வரும் இடத்தில் வைத்துவிட்டு, குழாயடியில் முழங்கைவரை கழுவி, சட்டையை மாற்றி, தெருவின் அந்தப் பக்கத்தில் வந்து நின்றான். இந்தப் பக்கம் வரவில்லை. சட்டையை முகர்ந்து பார்த்தான். கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு காற்றில் நின்றான்.

"வெடிப்பு இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல. வெயில்ல சாய்ச்சு சாய்ச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுகூட இல்ல. அது ஒரு வாரம் காயணும்."

"நீங்க?"

"நீதான் சொல்லணும். நான் எவ்ளோ நேரம் காயணும்?"

"டேய், என்னடா காக்கா விரட்டுற பொம்மை மாதிரி நிக்குற?" என்றாள் நாத்தனார், உதட்டில் குண்டூசிகளோடு.

"காத்து வாங்குறேங்க்கா."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பினாள். மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

ஸ்கேனைப் பற்றி ஊசி அவனிடம் இன்னும் சொல்லவில்லை. தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை என்பதையும், திரையில் என்ன பார்த்தாள் என்பதையும் சொல்லவில்லை. அந்த வாசனைக்குள் வரக்கூடாது என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். மீதியைச் சொல்லாமல் வைத்திருந்தால் அது பத்திரமாக இருக்கும் என்ற நினைப்பு அவளை விட்டுப் போகவே இல்லை. இப்போது அவன் தெருவுக்கு அந்தப் பக்கம், கைகளை விரித்துக்கொண்டு, யார் சிரித்தாலும் பரவாயில்லை என்று நின்றான்.

அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள். மடக்கினாள், விரித்தாள்.

மில்லி புருவத்தைச் சுருக்கினான். "என்ன, போகணுமா? வரணுமா?" என்று தலையால் கேட்டான்.

அவள் இன்னொரு கையால் தன் அடிவயிற்றைத் தொட்டாள். பிறகு ஒரு விரலால் கண்ணைத் தொட்டாள். நான் பார்த்தேன். மறுபடி விரல்களை மடக்கி விரித்தாள்.

அவன் விரித்திருந்த கைகள் அப்படியே நின்றன. சட்டைக் காலர் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டது. பிறகு வலது கையின் விரல்கள் மெதுவாக மூடித் திறந்தன. இதுவா என்று கேட்பது போல, நிதானமாக, வளர்ந்த மனுஷனின் நெஞ்சு அடிக்கும் வேகத்தில்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். வேகமாக மடக்கி விரித்துக் காட்டினாள்.

அவன் கண்கள் அகன்றன. அவ்வளவு வேகமா?

இன்னும், என்று அவள் காட்டினாள். இன்னும் வேகமாக.